அகஸ்டாவுக்கு இருபத்தைந்து வயது

அகஸ்டாவின் கீழ் இலைகள் மஞ்சளாகிவிட்டன. டெல்பர்ட் குனிந்து பார்த்தான், நிமிர்ந்து பார்த்தான், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டும் பார்த்தான். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

வேறு செடியாக இருந்தால் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். கஞ்சா வளர்ப்பு சட்டப்படியே நடக்கும் கலிபோர்னியாவின் ஹம்போல்ட் மலைச்சரிவில் கஞ்சாச் செடிக்கா பஞ்சம்? ஆனால் அகஸ்டா தாய்ச்செடி. அவளைப் பூக்க விடாமல் விளக்கு வெளிச்சத்திலேயே வைத்து, குச்சி வெட்டி, வேர்பிடிக்க வைத்துத்தான் ஹாஸ்கெல் நர்சரி கன்று விற்றது. மற்ற நர்சரிக்காரர்கள் ஒரு தாயை இரண்டு, மூன்று வருஷம் வைத்திருப்பார்கள். தண்டு மரமாகிப் பூச்சியும் விழுந்ததும், அவளுடைய கன்று ஒன்றையே தாயாக்கிவிட்டுக் கிழத்தைக் குப்பையில் போடுவார்கள்.

முதலாளி ஹாஸ்கெல்லுக்கு அந்தப் பேச்சே ஆகாது.

"பெத்த தாயைக் குப்பையில போடுவியா நீ? இவளை என் கையால நட்டேன். இருபத்தஞ்சு வருஷமா அதே வேர், அதே தண்டு. தொட்டுப் பாரு!" என்பார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம். தொடப்போனால், "தொடாதே!" என்பார்.

அந்த இருபத்தைந்தாம் பிறந்தநாள் விழா நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளி சாக்ரமெண்டோவில் மகள் வீட்டில் இருந்தார். தினமும் போன்.

"டெல்பர்ட், எப்படி இருக்கா என் பொண்ணு?"

"ராஜாத்தி மாதிரி இருக்கா முதலாளி."

"ஏன்டா குரல் நடுங்குது?"

"பனிமூட்டம் முதலாளி. தொண்டை கட்டியிருக்கு."

போனை வைத்ததும் டெல்பர்ட் உரத்தைக் கரைத்து ஊற்றினான். மஞ்சளுக்கு உரம், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயத்தில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. இலை நுனியெல்லாம் கருகி, அடுப்பில் விட்ட ரொட்டி மாதிரி ஆயிற்று.

உரம் அதிகமென்றால் தண்ணீர்விட்டு அலச வேண்டும். அலசினான். தொட்டியில் குளம் கட்டியது. அகஸ்டா தலையைத் தொங்கப்போட்டாள்.

"வடியலைன்னா வேர் சிக்கியிருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்தான். வேர் பாய் முடைந்தது போல் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. ஓரத்தைக் கொஞ்சம் வெட்டினான். இந்தப் பக்கம் வெட்டியதால் அந்தப் பக்கம் பெரிதாகத் தெரிந்தது. அதையும் வெட்டினான். கடைசியில் அவன் கையில் இருந்தது செடி அல்ல, துடைப்பம்.

புதுத் தொட்டியில் நட்டு, "பொழைச்சுக்கோ தாயி, எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்று கெஞ்சினான். அகஸ்டா கேட்கவில்லை. வாரம் முடியுமுன் விறகாகிவிட்டாள்.

நர்சரியில் அவளுடைய கன்றுகள் நிறைய இருந்தன. எல்லாம் சாண் உயரம். அதில் ஒன்றைக் காட்டி இருபத்தைந்து வயது என்றால், வந்தவர்கள் அவனையே உரமாகப் போட்டுவிடுவார்கள்.

அப்போதுதான் விர்ஜில் ஞாபகம் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் ஒற்றைக்கட்டையாக வாழும் பழைய தபால்காரர். ஹாஸ்கெல் முதன்முதலில் கன்று விற்றபோது வாங்கியவர். பிறகு ஏதோ தகராறில் இருவருக்கும் பேச்சு நின்றுபோயிற்று.

டெல்பர்ட் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். விர்ஜிலின் கொட்டகையில் ஆள் உயரத்துக்கு, இடுப்பு பருத்து, எலுமிச்சை வாசம் வீச, ஒரு செடி நின்றது.

"அகஸ்டாதான்யா. ஹாஸ்கெல் கையால கொடுத்தது" என்றார் விர்ஜில்.

"அன்னைக்கு வாங்கின அதே செடியா அண்ணே?"

"அதே செடி எவன்கிட்டய்யா இருக்கும்? மூணு நாலு தடவை குச்சி வெட்டி மாத்தியாச்சு."

"அப்போ இது அகஸ்டாவோட பேத்தியா?"

"பேத்தின்னா விதையில வரணும். இது குச்சி. எத்தனை தடவை வெட்டி நட்டாலும் அவதான் இவ. ஆளு அதே, சட்டைதான் புதுசு."

டெல்பர்ட்டுக்குப் பாதி உயிர் வந்தது. "இதை எனக்குக் கொடுங்க. நீங்க வேற குச்சி வெட்டி வெச்சுக்கலாமே."

விர்ஜில் தாடியைச் சொறிந்தார். "விழாவுக்கு என்னைக் கூப்பிடணும். ஹாஸ்கெல் பக்கத்து நாற்காலி. அவனே என் தட்டுல கறி வைக்கணும்."

"வைப்பார் அண்ணே. நான் பார்த்துக்கறேன்" என்றான் டெல்பர்ட், எப்படி என்று தெரியாமலேயே.

செடியைக் கொண்டுவந்து அகஸ்டாவின் பழைய தொட்டியில் நட்டான். தண்டில் பாசியும் மண்ணும் பூசிக் கிழமாக்கினான். இருபத்தைந்து வயது வரவில்லை. சேற்றில் விழுந்த கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. கழுவினால் இன்னும் இளமை. திரும்பவும் பூசினான்.

முதலாளி ஊரிலிருந்து வந்ததும் வராததுமாகச் செடிக்கூடத்துக்குள் நுழைந்தார். கைகளை விரித்துக்கொண்டு, "என் தங்கமே..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நின்றார். மூக்கை உறிஞ்சினார். இன்னொரு தரம் உறிஞ்சினார்.

"டெல்பர்ட்... எலுமிச்சை வாசம் வருதே."

"தரை துடைச்சேன் முதலாளி."

ஹாஸ்கெல் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார். பேயைக் கண்டவர் போல முகம் வெளுத்துவிட்டது. டெல்பர்ட் கதவுப் பக்கம் நகர்ந்தான். போயிற்று, கண்டுபிடித்துவிட்டார்!

ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டு தண்ணீர் கேட்டார்.

அவர் குடித்து முடிப்பதற்குள் வளர்ப்போர் சங்கச் செயலாளர் வந்து சேர்ந்தார், கூடவே பெரில் என்ற ஆய்வுக்கூடப் பெண்ணோடு.

"ஹாஸ்கெல், உங்க தாய்க்குப் பட்டயம் கொடுக்கப்போறோம். வாழும் தாய்ச்செடிகள்ல மூத்தவள்னு" என்றார் செயலாளர். "நீங்க முதல் கண்காட்சிக்குக் கொண்டுவந்த இலை சங்கத்துல பத்திரமா இருக்கு. அதோட ஒப்பிட்டுப் பார்க்க இவகிட்டயும் ஒண்ணு வேணும்."

"வேண்டாம்!" ஹாஸ்கெல் துள்ளி எழுந்தார். "கிழவிய்யா அவ! இலை பறிச்சா அதிர்ச்சியில போயிடுவா."

"ஒரே ஒரு இலைங்க" என்றாள் பெரில். "உங்ககிட்ட கன்று வாங்கின அங்கத்தினர்களும் ஆளுக்கொரு இலை தர்றாங்க. குடும்பப் படம் மாதிரி எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துடலாம்."

"பட்டயமே வேண்டாம். எனக்குப் புகழ் பிடிக்காது."

அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டு டெல்பர்ட்டே ஆடிப்போனான். ஆனால் இலைச் சோதனை என்றதும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. வயதுதானே பொய்? ஆள் அவள்தானே! எந்த இயந்திரத்தில் போட்டாலும் அகஸ்டா என்றுதானே சொல்லும்?

"எடுத்துக்கங்கம்மா, தாராளமா!" என்று தானே ஒரு இலையைப் பறித்து நீட்டினான். முதலாளி அவனைப் பார்த்த பார்வையில் அடுத்த செடியும் கருகியிருக்கும்.

அதிலிருந்து ஹாஸ்கெல் சரியாகச் சாப்பிடவில்லை. யாராவது காரின் கதவைச் சாத்தினால் திடுக்கிட்டார். "வயசான தாய்மேல அவ்வளவு பாசம்" என்று டெல்பர்ட் உருகினான். விர்ஜிலை அழைக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "யாரை வேணா கூப்பிடு. எல்லாரும் வந்து பார்க்கட்டும்" என்றார், தூக்குமேடைக்குப் போகிறவர் குரலில்.

விழா நாளில் பனி விலகி வெயில் அடித்தது. கரியில் மாட்டிறைச்சி வெந்தது, சோளரொட்டி குவிந்தது. மலை முழுக்க அகஸ்டாவின் கன்றை வாங்கி வளர்ப்பவர்கள், அவள் பெயர் பொறித்த சட்டையோடு வந்திருந்தார்கள். விர்ஜில் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை நீட்டினார். ஹாஸ்கெல் எங்கேயோ பார்த்தபடி கறியை வைத்தார். பாதி மடியில் விழுந்தது.

செயலாளர் ஒலிபெருக்கியைத் தட்டினார். "முடிவு வந்தாச்சு. கண்காட்சி இலையும் இந்தத் தாயும் ஒண்ணேதான். அணுவளவும் மாற்றமில்லை!"

கைதட்டல் மரங்களில் மோதித் திரும்பியது. டெல்பர்ட் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டான்.

ஹாஸ்கெல் எழவில்லை. வாய் திறந்தபடி இருந்தது.

"நிஜமாவா?" என்றார் மெதுவாக.

"நிஜமாத்தான். வாழ்த்துகள்!"

"அவளேவா? நல்லாப் பார்த்தீங்களா?"

"அவளேதான்யா!"

அவ்வளவுதான். மனிதர் துள்ளி எழுந்தார். டெல்பர்ட்டைக் கட்டிப்பிடித்தார், விர்ஜிலை முத்தமிட்டார், ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "சில பேர் தாயை மாத்துவானுங்க! ஊரை ஏமாத்துவானுங்க! ஹாஸ்கெல் நர்சரியில அந்த ஈனத்தனம் கிடையாது. உங்க வீட்டுல இருக்கிற ஒவ்வொரு கன்றும் இதோ, இந்தத் தாயோட வயித்துல பிறந்தது!"

கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சத்தம் அடங்கும்வரை காத்திருந்த பெரில், சோளரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய ஒலிபெருக்கிப் பக்கம் லேசாகச் சாய்ந்தாள்.

"அதைத்தாங்க கேட்கணும்னு இருந்தேன். தாய் விஷயத்துல சந்தேகமே இல்லை. ஆனா பத்து வருஷமா நீங்க வித்த பிள்ளைங்கள்ல ஒண்ணுகூட இவளுக்குப் பிறக்கலையே, அதெல்லாம் யாரோட பிள்ளைங்க?"