முக்கால் துரையும் வண்டிக் கதவும்

கோலாலம்பூரில் குதிரையிடம் மட்டும் மன்னிப்புக் கேட்ட ஒரே மனிதர் எங்கள் முக்கால் துரைதான். மனிதர்களிடம் அவர் கேட்டதில்லை. என்னிடம் கேட்டிருக்க வேண்டியதை ஏற்றினால் ஒரு மாட்டு வண்டி கொள்ளாது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஆட்கள் குடியிருந்த வரிசையில் கடைசி வீடு என்னுடையது. நான் ரயில்வே பட்டறையில் பிட்டர், இயந்திரம் பூட்டுகிறவன். என் சுவரை ஒட்டிய கொட்டகையில் அவரும் அவருடைய குதிரையும் இருந்தார்கள். வாடகைக் குதிரை வண்டி ஓட்டியவர். தலையில் துரைமார் தொப்பி, உடம்பில் துரைமார் கோட்டு, காலில் துரைமார் பூட்ஸ், இடுப்பில் வேட்டி. அந்த வேட்டி ஒன்றுதான் குறை என்பதால் ஊர் அவருக்கு முக்கால் துரை என்று பெயர் வைத்தது. சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டேன். "பேரு வச்சுக் கூப்புடுறது காஜாங்குக்குப் பழக்கமில்ல பிட்டரே" என்றார். காஜாங் என்பது குதிரை. காஜாங் ஊரில் வாங்கியதால் அந்தப் பெயர். அதாவது குதிரைக்குப் பழக்கமில்லாத எதையும் நாமும் செய்யக்கூடாது. இந்த ஆளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

பிறகு வாடகை மோட்டார் கார் வந்தது. வண்டியில் ஏற ஆள் இல்லை. கொட்டகைக்குச் சொந்தக்காரர் துரையின் மச்சான். அவரும் ஒரு கார் வாங்கினார். காரை நிறுத்தக் கொட்டகை வேண்டும், குதிரையை விற்றுவிடு என்றார். கிழட்டுக் குதிரையை யார் எதற்கு வாங்குவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தோலுக்கு வாங்குவார்கள்.

அப்போதுதான் துரைக்கு அந்த யோசனை வந்தது. பந்தயத் திடல் பக்கம் ஒரு பஞ்சாபிக்காரர் இருந்தார். இந்தியாவில் குதிரைப் படையில் ரிசால்தார் என்ற அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். துரைமாருக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் டிரஸ்ஸாஜ் சொல்லிக் கொடுத்தார். ஓட்டமும் தாவலும் இல்லாத குதிரை வித்தை அது. மேலே இருப்பவர் இடுப்பை லேசாக அசைத்தால் குதிரை புரிந்துகொண்டு பக்கவாட்டில் நடக்கும், நின்ற இடத்திலேயே தாளம் தப்பாமல் காலெடுத்து வைக்கும். அவர் பாடத்துக்கு ஏற்றுக்கொண்ட குதிரைக்குத் திடலிலேயே லாயம் உண்டு, தீனி உண்டு. ஆனால் முதல் நாளில் ஒரு சோதனை வைப்பார். போ என்றால் போக வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும், மறுபடி போ என்றால் போக வேண்டும். தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார். மறுமுறை முகம் கொடுத்துப் பேசமாட்டார். மாஜிஸ்திரேட் துரையையே அப்படி அனுப்பியவர்.

அவரிடம் போய் முக்கால் துரை நாள் வாங்கிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து என் வீடு நாசம். சவாரிக்கு இடுப்பு நிமிர்ந்திருக்க வேண்டும் என்று என் மனைவியின் பித்தளைச் செம்பில் தண்ணீர் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு என் வாசலிலேயே நடந்தார். என் குளியல் சோப்பு காஜாங்கின் முதுகில் கரைந்தது. பிடரி மயிரைக் கோயில் மாலை மாதிரி நெருக்கிக் கட்டினார். வேட்டியோடு சவாரி முடியாது என்பதால் தையற்காரரிடம் சவாரிக் கால்சட்டை தைக்கச் சொன்னார். தையற்காரர் அதைப் பார்த்ததே இல்லை. தொடை உப்பலாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேள்விப்பட்டுத் தைத்தார். இரண்டு தலையணைக்கு நடுவில் நிற்பவர் மாதிரி வந்து நின்றார் துரை.

"எப்படி இருக்கு பிட்டரே?"

"கழட்டிப் போட்டுட்டு வேட்டியக் கட்டுங்க அண்ணே."

"இப்ப முழுத் துரை. அதான் ஒனக்கு எரியுது."

இதெல்லாம் தொலையட்டும். பெரிய சிக்கல் வேறு. காஜாங் நிற்கும். யாராவது கையைத் தூக்கினால் போதும், நாலு காலும் சமமாக ஊன்றிக் கல் மாதிரி நிற்கும். வாடகைக்கு ஓடிய குதிரை அப்படித்தான். ஆனால் கிளம்பாது. வண்டியில் ஆள் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால்தான் கிளம்பும். துரை குதிகாலால் தட்டினார், கொஞ்சினார், மன்னிப்புக் கேட்டார். அசையவில்லை. கடைசியில் பழைய வண்டியின் கதவைச் சட்டத்தோடு கழற்றினோம். சட்டத்துக்குக் கால் வைத்து நிற்க வைத்தது நான். பின்னால் நின்று டமால் என்று சாத்தினேன். காஜாங் கிளம்பியது.

"பாத்தியா, தயாராயிடுச்சு" என்றார் துரை.

பாடத்தன்று காலையில் நாங்கள் கிளம்பியதை ஊரே பார்த்தது. முன்னால் குதிரையில் அவர். பின்னால் கதவைச் சுமந்துகொண்டு நான். பட்டறையில் அரை நாள் லீவு போட்டிருந்தேன். நாற்சந்தியில் போலீஸ்காரர் கையைத் தூக்கினார். காஜாங் நின்றது. நான் கதவை இறக்கிச் சாத்தினேன். ஒரு சீனர் கடை வாசலில் பறவைக் கூண்டை மாட்டக் கையைத் தூக்கினார். காஜாங் நின்றது. இறக்கிச் சாத்தினேன். சோம்பல் முறித்தவர்களுக்கெல்லாம் நின்றது. திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது என் தோள் என்னுடையதாக இல்லை.

ரிசால்தார் தாடியைத் தடவிக்கொண்டு கதவைப் பார்த்தார். மலாயில் என்னவென்று கேட்டார். எங்களுக்கும் அவருக்கும் பொதுவான மொழி அதுதான். நான் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். சிரிக்கவில்லை. கதவைத் தள்ளி வைக்கச் சொன்னார். காஜாங் இன்னும் துரையோடு வட்டமடித்துக்கொண்டிருந்தது. கையைத் தூக்கி அதை நிற்கச் சொன்னார். காஜாங் நின்ற அழகைச் சுற்றி வந்து பார்த்தார். "பாகுஸ்" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து நல்லது என்ற சொல் வந்து அங்கே யாரும் கேட்டதில்லையாம்.

பிறகு போகச் சொன்னார்.

காஜாங் போகவில்லை. துரையின் முகம் வெளுத்தது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். ரிசால்தார் இரண்டு பேரையும் பார்த்தார். துரையை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறினார். போச்சு, தோல்தான் என்று நினைத்தேன்.

ரிசால்தார் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. காஜாங் கிளம்பியது. சுற்றியது, நின்றது, மறுபடியும் கிளம்பியது. கதவு என் பக்கத்தில் சும்மா நின்றது.

இறங்கி, துரையை மறுபடி ஏற்றி, அவர் முதுகில் கையை வைத்துப் பார்த்தார். குதிரை தயார், நீதான் நிற்கிறாய், உன் உடம்பு மரமாக இருக்கும்போது அது எப்படிப் போகும் என்று கேட்டார். எதற்காக நிற்கிறாய் என்றும் கேட்டார்.

துரை குனிந்து காஜாங்கின் கழுத்தைத் தடவினார். பிறகு மலாயை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "கொளந்தைய இடுப்புல வச்ச ஒரு அம்மா. ஒரு காலு வண்டிப் படியில, ஒரு காலு ரோட்டுல. நான் பாக்காமக் கெளப்பிட்டேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆவல. அந்தம்மாவுக்குக் கை முறிஞ்சு போச்சு. அதுக்கப்பறம் கதவுச் சத்தம் கேக்காம நான் கெளம்புனதில்ல பிட்டரே. முடியல."

சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை வருஷம் இருந்த ஆள். எனக்கு அன்றுதான் தெரிந்தது. மலாயில் ரிசால்தாருக்குச் சொன்னேன். சரியாகச் சொன்னேனா தெரியாது.

ரிசால்தார் வந்து என் பக்கத்திலிருந்த கதவை எடுத்துக்கொண்டார். துரைமாரை நடுங்க வைத்த மனிதர், வெயிலில் நின்று வாடகை வண்டிக் கதவைத் திறந்து திறந்து சாத்தினார். முதலில் டமால் என்று. அடுத்தது கொஞ்சம் மெதுவாக. ஒவ்வொரு தடவையும் சத்தம் குறைந்தது. துரை கிளம்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் ரிசால்தார் கதவில் கையை வைத்தபடி சும்மா நின்றார். துரை பெருமூச்சு விட்டார். காஜாங் நடந்தது.

அன்றைய பாடம் அது ஒன்றுதான். முடிந்ததும் ரிசால்தார் லாய வரிசையில் ஒரு காலி இடத்தைக் கையால் காட்டினார். கையைத் தூக்கியதால் காஜாங் மறுபடி நின்றுவிட்டது. அது வேறு விஷயம்.

காஜாங்கும் துரையும் திடலிலேயே தங்கிவிட்டார்கள். மச்சானுக்குக் கொட்டகை கிடைத்தது. கதவை வீட்டுக்குச் சுமந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கிளம்பும்போது ஒரு நன்றிகூடச் சொல்லாமல், "பாத்துக் கொண்டு போ, கீல் கழண்டுடும்" என்றார் அந்த ஆள்.

அந்தக் கதவு இப்போது என் கோழிக் கூண்டில் இருக்கிறது. துரையும் இல்லை, காஜாங்கும் இல்லை. சாயங்காலம் கோழிகளை அடைத்துவிட்டு அதைச் சாத்தும்போது நான் உடனே திரும்புவதில்லை. அவர் கிளம்பிவிட்டாரா என்று சற்று நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன்.