ஐயாயிரத்து நானூறு மோடம்

திண்டுக்கல்லில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒளியிழைக் கம்பி வந்து சேர்ந்தது. அலுவலகத்தின் பெயரைச் சொல்வதற்கில்லை. சொன்னால் மற்ற அலுவலகங்கள், 'எங்களை ஏன் விட்டீர்கள்' என்று வருத்தப்படும். கம்பியைக் கொண்டுவந்தவள் ஐரின், ஒரு தனியார் நிறுவனத்தின் பொறியாளர். பெட்டியில் பச்சை விளக்கும் எரிந்துவிட்டது. கண்காணிப்பாளர் ராயப்பராஜ் ஒரு கையெழுத்துப் போட்டால் நெட்டைப் பயன்படுத்தலாம்.

அந்தக் கையெழுத்துக்காக அவளைவிட ஆவலாகக் காத்திருந்தவர் குஜிலியம்பாறை மூக்காயி. ரேஷன் கார்டில் அவரை ஆண் என்று பதிந்திருந்தார்கள்.

"மூணு வருசமா இலவசச் சேலைக்குப் போனா வேட்டியக் குடுத்து அனுப்புறாக, தாயி. கேட்டா, நெட்டு வரட்டும், பொம்பளையா மாத்தித் தாரோம்ங்கிறாக."

ராயப்பராஜ் படிவம் 17-இ-யை எடுத்தார். 1999-இல் அச்சடித்தது. அதில் எட்டாவது வரி: 'இணைப்பின் வேகம், மோடம் எண்ணிக்கையில். ஒரு மோடம் என்பது 28.8 கிலோபிட்.' அந்தக் காலத்தில் டெலிபோன் வழியாக நெட்டைக் கொண்டுவந்த பெட்டிதான் மோடம். இணையும்போதெல்லாம் வாலை மிதித்த பூனைபோலக் கத்தும்.

"சார், இப்ப யாரும் மோடத்துல அளக்கறதில்ல. இது 155.52 மெகாபிட்."

"நீங்க அளக்காம இருக்கலாம்மா. படிவம் அளக்குதே."

ஐரின் செல்போனில் வகுத்துப் பார்த்தாள். மீதியே இல்லாமல் 5400 வந்தது. கணக்கு இத்தனை அழகாக வந்ததில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. எழுதிக் கொடுத்தாள். ராயப்பராஜ் உடனே இருப்புப் பதிவேட்டைத் திறந்து, 'மோடம் - 5400' என்று பதிந்தார்.

"ஐயோ சார், மோடம் ஒண்ணுகூடக் கிடையாது. அதுக்குச் சமம்னுதான் எழுதினேன்."

"சமம்னா, இல்லேன்னா அர்த்தம்?"

அதன்பின் அலுவலகம் என்றுமில்லாத சுறுசுறுப்பு அடைந்தது. மேற்படி மோடங்களை வைக்க நாற்பது அறைகள் கோரி ஒரு கடிதம். 5400 டெலிபோன் இணைப்பு கோரி இன்னொன்று. அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தினால் அக்கம்பக்கத்தார் கதி என்ன என்று கருதி, ஒலி மாசுத் தடையில்லாச் சான்று கோரி வேறொன்று. எல்லாம் தபாலில் போயின. கையெழுத்தாகாத நெட்டைத் தொடக் கூடாதல்லவா? மூக்காயி வாரம் இருமுறை வந்து, ஆணாகவே திரும்பிப் போனார்.

மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து தணிக்கை அதிகாரி பிராங்கிளின் வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். அறையைப் பார்த்தார். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"பூட்டுக்குப் பேர்போன ஊர்ல 5400 மோடம் களவு போயிருக்கு! கடைசியா யார் கையில இருந்துச்சு?"

கையெழுத்துக்காக அன்றும் வந்திருந்த ஐரினை எல்லோரும் பார்த்தார்கள். போலீஸ் வரும், வேலை போகும். உண்மையைச் சொல்லலாம்தான், ஆனால் அதை மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டுதானே இருந்தாள்? சுவரோரம் கிடந்த ஒளியிழைக் கம்பியின் மஞ்சள் ஒயரைத் தூக்கிப் பிடித்தாள்.

"எல்லாம் இதுக்குள்ளதான் சார் இருக்கு. பொடிச்சு, ஒளியாக்கி, உள்ள விட்டிருக்கோம்."

பிராங்கிளின் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒயரைத் தடவினார். "எண்ணிப் பார்க்க வழியிருக்கா?"

"வெளிய எடுத்தா பறந்துரும் சார்."

"அப்ப வேணாம்."

'மேற்படி பொருள்கள் ஒளி நிலையில் நேரில் சரிபார்க்கப்பட்டன' என்று எழுதினார். ராயப்பராஜ் கையெழுத்துப் போட்டார். அடுத்த நிமிடம் மூக்காயி பெண்ணானார். திரையைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்புட்டு மோடமும் நல்லாருக்கணும்" என்று ஒயரைத் தொட்டுக் கும்பிட்டார்.

செய்தி ஊருக்குள் பரவியது. பேகம்பூர் பிரியாணிக் கடை மீரான், 'இங்கு 5400 மோடம் வைஃபை உண்டு' என்று பலகை வைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் சம்பளத்துக்கு முன்னால் மோடம் விசாரித்தார்கள். மெகாபிட் என்று பேச்செடுத்தவர்களை வாசலோடு அனுப்பினார்கள். முதலில் தலையில் அடித்துக்கொண்ட ஐரினும், வியாபாரம் பெருகவே, "ரெண்டாயிரம் மோடம் எப்படிக்கா பத்தும்? புள்ளைக படிக்குதுல்ல" என்று சொல்லப் பழகினாள். பதவி உயர்வும் வந்தது.

பிறகு போட்டி நிறுவனம் ஒன்று முளைத்தது. அவர்கள் மோடத்தை இன்னும் பழையதாக, 14.4 கிலோபிட்டாக எடுத்துக்கொண்டார்கள். அதே கம்பி, அதே வேகம். எண்ணிக்கை மட்டும் 10,800. ஊரே அங்கே தாவியது.

ஐரின் டவுன் பஸ்ஸில் போகும்போது அந்த விளம்பரத்தைப் பார்த்தாள்: '10,800 மோடம்! இரு மடங்கு வேகம்!' மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. எப்படியெல்லாம் ஏமாறுகிறார்கள் இந்த ஜனங்கள்!

பஸ் சிக்னலில் நின்றது. விளம்பரத்தை இன்னொரு முறை பார்த்தாள். வீட்டில் நெட் ரெண்டு நாளாக மந்தமாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. பஸ் கிளம்புவதற்குள் அதிலிருந்த போன் நம்பரைக் குறித்துக்கொண்டாள்.