ஒன்பதாம் நம்பர் ஷூவும் அன்பு நகரின் கருணையும்

அன்பு நகர், இரண்டாவது தெரு,
சேரப்பணஞ்சேரி.
ஞாயிறு, பூசை முடிந்து.

பாசத்துக்குரிய மருமகள் லிசாவுக்கு உன் தாய்மாமன் செல்வநாதன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் நான் நலம். உன் அத்தை செல்வமேரியும் நலமாகத்தான் இருக்க வேண்டும். வியாழக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை என்பதால் கேட்டுச் சொல்ல முடியவில்லை. உன் வீட்டுக்காரர் பிரசன்னாவின் சர்க்கரை இறங்கவும், சம்பளம் ஏறவும் மன்றாடுகிறேன்.

உங்கள் பங்குப் பத்திரிகைக்கு ‘எங்கள் பகுதியின் இரக்கச் செயல்கள்’ என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன். ஆனால் முப்பது வருடம் பிரஸ் ஷாப்பில் இரும்புத் தகடு தள்ளிய வலது கையை உயர்த்திச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். உங்கள் பங்குச் சாமியாரே நம்பமாட்டார், நம்புவதுதான் அவர் உத்தியோகம் என்றாலும்.

நம் எதிர்வீட்டு மாடியில் அருள்பாண்டி என்று ஒருவன் இருந்தான். சங்கரன்கோவில் பக்கம், ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை அவனுடைய சேஃப்டி ஷூ முதலை மாதிரி வாயைத் திறந்துவிட்டது. முனையில் இரும்பு வைத்த அந்த ஷூ இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டால் கான்ட்ராக்டர் பெயரை அடித்துவிடுவார். புது ஷூ அடுத்த மாதம்தான் என்று அவரே கையை விரித்துவிட்டார். சம்பளத்துக்கோ இன்னும் பத்து நாள். பையன் நேராக நம் நலச்சங்கச் செயலாளர் பலராமனிடம் போய் நின்றான். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“ஒரு ஜோடி போதும் அண்ணாச்சி. பழசுன்னாலும் சரி. ஒம்பதாம் நம்பரு. திங்கக்கெழம காலைல ஆறு மணிக்கு கேட்ல நிக்கணும்.”

“நீ இன்னாத்துக்கு தம்பி கவலப்படுற? நாங்க கீறோம்ல. அன்பு நகர் நெனச்சா உனுக்கு ஷூ கம்பெனியே வச்சிக் குடுக்கும்” என்றார் பலராமன்.

நினைத்தது, லிசா. வாட்ஸப்பில் செய்தி போன அரை மணி நேரத்தில் கும்பிடு போடும் கைகள் நானூறு வந்தன. நகரில் இருப்பதே அறுபது வீடு. மிச்சக் கைகள் எந்த லோகத்தில் முளைத்தவையோ தெரியாது. ஞாயிறு மாலை பலராமன் வீட்டுக் கார் ஷெட்டில் அவசரக் கூட்டம் கூடி, பொருள்களும் வந்து மலைபோல் குவிந்தன: கல்யாண ரிசப்ஷனுக்குப் போட்ட கூர்மூக்குச் செருப்பு, பள்ளிக்கூடத்து வெள்ளை ஷூ, சக்கரம் வைத்த ஸ்கேட்டிங் ஷூ ஒரு காலுக்கு மட்டும், இரண்டு கம்பளி, காலாவதியான சத்துமாவு. பலராமன் தன் பங்குக்கு ஒரு டப்பா பாலிஷ் கொடுத்தார், “ஷூ வந்தா பாலிஷ் வேணாமா” என்று. பொருளாளர் வனமாமலை சட்டம் தெரிந்தவர்; உதவிக்கு ஆதாரம் வேண்டும் என்று அருள்பாண்டியின் கிழிந்த ஷூவை வாங்கி, நம்பர் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார். கம்பி போட்டுக் கட்டியாவது போய்ப் பார்க்கலாம் என்றிருந்த பையனுக்கு அதுவும் போனது. என் பங்களிப்பு மட்டும் குறைவா? சேஃப்டி ஷூவின் மகிமையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். டீ கொண்டுவந்த உன் அத்தை என்னையே பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவன் வெள்ளைப் பள்ளிக்கூட ஷூவில் பாதிக் காலை நுழைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனான். செக்யூரிட்டி, “இன்னாப்பா, எல்.கே.ஜி.யா, யூ.கே.ஜி.யா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு புண்ணியவான் குன்றத்தூரிலிருந்து நிஜமாகவே ஒரு சேஃப்டி ஷூ அனுப்பினார். ஆறாம் நம்பர். அதையும் கையில் கொடுத்தார்களா? இல்லை, ‘மாபெரும் காலணி வழங்கும் விழா’ புதன்கிழமை என்று பேனர் அடித்தாயிற்று. கன்டெய்னர் லாரி அளவு பேனரில் பலராமன் முகம் முக்கால்வாசி, மிச்சத்தில் சங்கத்தார், மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு கால். அந்தக் காலும் அருள்பாண்டியுடையது இல்லை.

புதன்கிழமை மாலை, அவன் வேலைக்குப் போகாத மூன்றாம் நாள், பொன்னாடை போர்த்தி ஷூவைக் கொடுத்தார்கள்.

“அண்ணாச்சி, இது பத்தாது. காலு நொழையல.”

“போட்டோவுக்குத்தானே தம்பி. கையில புடி. கொஞ்சம் சிரி.”

சிரித்தான், லிசா. நல்ல பல்வரிசை. அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கான்ட்ராக்டரிடமிருந்து போன் வந்தது, பெயரை எடுத்தாயிற்று. எல்லாரும் மனம் உருகி, அங்கேயே பிரிவு உபசாரமும் நடத்தி முடித்தார்கள். பேனர் இருக்கவே இருந்தது, வீணாகவில்லை.

வியாழக்கிழமை ஊருக்குக் கிளம்பும்முன் நம் வீட்டுக்கும் வந்தான். ஒரு காலில் நீலச் செருப்பு, மறுகாலில் பச்சை. “எல்லாரும் ரொம்பப் பாடுபட்டிய அண்ணாச்சி” என்று கும்பிட்டான். உன் அத்தை புளிச்சோறு கட்டிக் கொடுத்து, ஷேர் ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை கேட்டிலேயே நின்றாள். உள்ளே வந்து எனக்குச் சோறு போட்டாள், தட்டு வைத்த சத்தம் படப்பை வரை கேட்டிருக்கும்.

ஆக, எங்கள் பகுதியில் இரக்கத்துக்குக் குறைவில்லை என்று எழுதிக்கொள். உன் பிள்ளைகளின் நெற்றியில் ஒரு சிலுவை வரைந்து, தாத்தா வரைந்ததாகச் சொல். ஆண்டவர் உங்கள் வீட்டில் எல்லாருக்கும் கால் அளவுக்கு ஏற்ற வழியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா செல்வநாதன்

பி.கு.: மேலே உள்ளதை அச்சில் போடாதே. பேனர் கதவு அளவுதான். கும்பிட்ட கைகள் முப்பத்தைந்து இருக்கும். ஸ்கேட்டிங் ஷூ என் சொந்தச் சரக்கு. அருள்பாண்டி என்று ஒருவன் இருந்ததைக்கூட நீ நம்ப வேண்டாம். ஒரே ஒரு சின்ன சங்கதிதான் நிஜம். நான் ரிட்டையர் ஆன அன்று கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ, பெட்டி பிரிக்காமல் நம் பரணில் இருக்கிறது. என்னை அடக்கம் பண்ணும்போது அதைத்தான் போட்டுவிட வேண்டும் என்று உன் அத்தையிடம் சொல்லிவைத்திருந்தேன். நம்பர் ஒன்பது. இந்தக் கடிதத்தை ஒட்டப் போனபோது அவள் வாயைத் திறந்தாள், மூன்று நாளைக்குப் பிறகு: “உங்கள நான் வெறுங்காலோடதான் பொதைப்பேன்.”