மாமனார் திருப்பித் தராத வாள்

முதன்முதலாக மாமனார் வீட்டுக்குப் போகிறவன் மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு போவான். நான் சீட்டுக்கட்டு கொண்டு போனேன். என்னை நானே பெரிய அறிவாளி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

நானும் ரெஜினாவும் வீட்டில் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தருவைகுளத்தில் விசைப்படகு ஓட்டும் அவள் அப்பா, அதுவரை எங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார்தான் ரகசியமாக போன் செய்தார். "ஞாயித்துக்கெழம வாங்க. அன்னைக்கு யாரும் கடலுக்குப் போவ மாட்டாவ. இவுகளும் தப்பிக்க முடியாது."

போனோம். மாமனார் சுவரைப் பார்த்து, "வந்தவங்களுக்குத் தண்ணி குடு" என்றார். (சுவர் கொடுக்கவில்லை. மாமியார் கொடுத்தார்.)

ரெஜினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் சீட்டுக்கட்டை வெளியே எடுத்தேன். சூதாட்டமெல்லாம் இல்லை. ஆளுக்கொரு சீட்டு, அதில் வந்த வேடமாகவே மாறிப் பேச வேண்டும், நான் கதை சொல்வேன். புதியவர்களைப் பழக்குவதற்கென்றே செய்த விளையாட்டு. மாமியாருக்குப் போர்வீரன் வந்தது, ரெஜினாவுக்கு மந்திரவாதி. மாமனார் முன்னால் மாமியாரே ராஜா சீட்டையும் அதோடு சேர்ந்த வாள் சீட்டையும் வைத்தார். அவர் தொடவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

சீட்டுப் பெட்டியில் இருந்த கதைகளிலேயே எளியதாகப் பார்த்து எடுத்து, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன்: "ராஜாவின் ஒரே மகளை, யாருக்கும் தெரியாமல், டிராகன் தூக்கிக்கொண்டு போய்விட்டது!"

வாசித்து முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ரெஜினா என் காலை மிதித்தாள். மாமனார் சுவரை விட்டுவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"டிராகன் யாரு?"

"கதை சொல்றவன்தான்... நான்தான் மாமா."

ராஜா வாளைக் கையில் எடுத்தார்.

"ஏலே டிராகன்! எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியால?"

"கேட்டா தர மாட்டீங்கன்னு பயந்துட்டேன், ராஜா."

"கேக்காமயே எப்பிடில தெரியும்?" அவர் குரல் உடைந்தது. "எம்மவ கல்யாணத்துக்குத் தெருவ அடைச்சு பந்தல் போடணும்னு நெனச்சிட்டுக் கெடந்தேன்ல!"

விதிப்படி டிராகன் அப்போது நெருப்பைக் கக்க வேண்டும். "தப்புதான். மன்னிச்சிருங்க" என்றது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவர் வாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போர்வீரன் பக்கம் திரும்பினார்.

"ஏளா, டிராகனுக்குச் சோறு போடு. அந்தச் சீலா மீனப் பொரி."

போர்வீரன் சீட்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினார். மந்திரவாதி அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள். நான் ஐந்து துண்டு மீன் சாப்பிட்டேன். வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான்.

இன்றும் மாமனார் போன் செய்தால், "டிராகன் இருக்கானா?" என்றுதான் கேட்பார். சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு குறைகிறது. வாளை அவர் திருப்பித் தரவேயில்லை. சட்டைப்பையில் அந்தோணியார் படத்தோடு வைத்திருக்கிறார். அவர் வந்திருக்கும் நேரத்தில் நான் ரெஜினாவிடம் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், சட்டைப்பைக்குள் கையை விடுவார்.

டிராகன் பாத்திரம் கழுவப் போய்விடும்.