விரால் மேடம் பத்து எண்ணினார்

தஞ்சாவூர் ஜில்லாவில் யாருக்கும் பயப்படாத ஜீவன்கள் இரண்டுதான். ஒன்று, ஏரியில் இருக்கும் விரால் மீன். இன்னொன்று, அதைத் தூண்டில் போட்டுப் பிடிக்கும் எங்கள் விரால் மேடம்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் எங்கள் அலுவலகத்தில் "அப்படி யாரும் இல்லையே" என்பார்கள். விரால் மேடம் என்றால் வாட்ச்மேன்கூட எழுந்து நின்று ரெக்கார்டு ரூமைக் காட்டுவார். ஏரி, குளக் குத்தகைகளின் பழைய காகிதக் கட்டுகளுக்கு நடுவே மூக்குக்கண்ணாடியும் இழுத்துச் செருகிய புடவையுமாக உட்கார்ந்திருப்பார். காலையில் ஏரிக்குப் போய்விட்டு நேராக அலுவலகம் வருவதால், செருப்பில் கொஞ்சம் சேறு எப்போதும் இருக்கும்.

ஒருநாள் அவர் மேஜையில் இருந்த டிபன் பாக்ஸைப் புதிதாக வந்த அதிகாரி உரிமையோடு திறந்துவிட்டார். மேடம் செய்யும் எலுமிச்சை சாதத்தைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது, விராலுக்கு இரையாக வைத்திருந்த தவளை. அது ஒரே தாவலில் ஒரு கோப்பின் மேல் போய் உட்கார்ந்தது. மூன்று மாதமாக ஒரே இடத்தில் கிடந்த அந்தக் கோப்பு அன்றைக்குத்தான் அசைந்தது.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மேடத்தின் பதிலை நான்தான் டைப் செய்து கொடுத்தேன், அதனால் வரிக்கு வரி நினைவிருக்கிறது. "மேற்படி தவளை என்னுடையதே. அது அலுவலக நேரத்தில் தாவியதற்கு வருந்துகிறேன். நான் பணியில் சேர்ந்த நாள் முதல் அலுவலக நேரத்தில் தாவியதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

"மேடம், கடைசி வரி வேணுமா?" என்று கேட்டேன்.

"அது இல்லைன்னா இந்தக் கடுதாசியே வேணாம் சார்."

மீன் விஷயத்தில் அவருக்குச் சில தீர்மானமான கொள்கைகள் இருந்தன. மதியச் சாப்பாட்டின்போது அவற்றை எனக்குச் சொல்வார். "பெரிய ஏரின்னா எங்க வேணா போடலாம்னு நினைக்காதீங்க. முக்காவாசி ஏரி வெறும் தண்ணி. மீன் ஒரு மூலையிலதான் இருக்கும். காத்து எந்தக் கரையில போயி மோதுதோ, அங்கதான் சின்ன மீனெல்லாம் ஒதுங்கும். அதைத் தேடி விரால் வரும். வந்தா ஆம்பல் இலைக்கு அடியில பதுங்கும். ஆனா எவ்வளவு பதுங்கினாலும் மூச்சு விட மேல வந்தே ஆகணும். நம்ம ஆபீசர் மாதிரி மூச்சே விடாம அதுக்கு இருக்க முடியாது." ஒரே இடத்தில் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை குமிழி கிளம்புகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்ட பிறகுதான் தூண்டிலையே எடுப்பார்.

ஒரு திங்கட்கிழமை அவர் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

"எங்க அம்மாவோட தூண்டிலை ஒடிச்சுப் போட்டுட்டாங்க சார்" என்றார்.

அவருடைய ஊர் ஏரியை மீன் வளர்ப்புக்குக் குத்தகை எடுத்த ஒருவர், கரையில் 'தூண்டில் போடத் தடை' என்று பலகை நட்டிருந்தார். காவலுக்கு ஓர் ஆளையும் போட்டிருந்தார். நடவு முடிந்து வந்து, குழம்புக்கு நாலு மீன் கிடைக்குமா என்று உட்கார்ந்த பெண்களை அந்த ஆள் விரட்டியிருக்கிறார். மேடத்தின் அம்மா எழுந்திருக்கவில்லை. அவர் கையில் இருந்த மூங்கில் கழியை அந்த ஆள் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்துவிட்டார்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்து ரசம் வச்சாங்க. அதான் சார் எனக்குத் தாங்கல."

அந்த வாரம் முழுவதும் ரெக்கார்டு ரூமில் தும்மல் சத்தம் ஓயவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, முறைப்படி மனுப் போட்டு வாங்கிய ஒரு நகலை என் முன்னால் நீட்டினார். அந்த ஏரியின் பழைய குத்தகை நிபந்தனைகள். மூன்றாவது ஷரத்து: ஊரார் வீட்டுக் கறிக்குத் தூண்டிலில் மீன் பிடிப்பதைத் தடுக்கக் கூடாது.

"ஞாயித்துக்கிழமை காலையில வண்டியை எடுத்துக்கிட்டு வந்துருங்க. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்" என்றார். மறுக்க எனக்குத் தைரியம் போதவில்லை.

விடிந்த கொஞ்ச நேரத்தில் நாங்கள் பலகைக்கு நேர் கீழே நின்றோம். பின்னால் அம்மாவும் ஊர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும். காவல்காரர் போன் போட, குத்தகைக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். நகலை வாங்கிப் படித்தார்.

"இது பழைய காகிதம்மா."

"பழசுதான். பழைய ஷரத்துக்குக் கட்டுப்பட்டுன்னு உங்க பத்திரத்துலயும் இருக்கு. நீங்க படிக்காமக் கையெழுத்துப் போட்டா அதுக்கு நான் என்ன பண்றது?"

அவர் சிரித்தார். "சரி, போடுங்க. ஆனா இந்த ஏரியை வலை போட்டு அரிச்சாச்சு. விரால்னு ஒண்ணு இங்க கிடையாது. நீங்க ஒண்ணைப் பிடிச்சுக் காட்டுங்க, நானே பலகையைப் புடுங்கிடுறேன்."

மேடம் காற்று மோதும் கரைக்கு நடந்துபோய், ஆம்பல் மண்டிய இடத்துக்கு எதிரில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் போனது. குத்தகைக்காரர் டீ வரவழைத்துக் குடித்தார். காவல்காரர், "மேடம், மணி பாக்கத்தான் வந்தீங்களா?" என்றார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

அப்போது இரண்டு இலைகளுக்கு நடுவே ஒரு குமிழி உடைந்தது. மேடம் எழுந்தார். தூண்டிலை வீசியதும், முள்ளில் கோத்த தவளை பறந்துபோய் இலை மேல் விழுந்தது. தத்தித் தத்தி வரும்படி அதை இழுத்தார். 'பளக்' என்று தண்ணீர் வாய் திறந்து தவளையை மூடிக்கொண்டது.

"இழு! இழு!" என்று மொத்தக் கரையும் கத்தியது. காவல்காரரும் கத்தினார், கட்சி மறந்துபோய்.

மேடம் இழுக்கவில்லை. "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினார். விரால் இரையைக் கவ்வியவுடன் இழுத்தால் வெறும் முள்தான் திரும்பி வரும். விழுங்க விட வேண்டும். தூண்டில் நரம்பு ஓடிக்கொண்டே இருந்தது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் என் உயிர் போய் வந்தது. பத்து என்றதும் கழியைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டினார். கழி வில்லாக வளைந்தது. கால் வழுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தார்; கழியை விடவில்லை. அம்மா ஓடிப்போய் மகளைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேருமாகக் கரைக்குக் கொண்டுவந்தது முழங்கை நீளம் தாண்டிய கறுத்த விரால்.

"சும்மா பேச்சுக்குச் சொன்னதும்மா அது" என்றார் குத்தகைக்காரர், பலகையைப் பார்க்காமல்.

"பரவால்ல, அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்ற மேடம், இடுப்பில் சுற்றியிருந்த நனைந்த துண்டை அவிழ்த்து உதறிப் பலகையின் மேல் காயப் போட்டார். எழுத்து மறைந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். யாரும் தடுக்கவில்லை.

புகார் போனது. அதிகாரி கூப்பிட்டு, "இதுல நீங்க ஏன் தலையிட்டீங்க?" என்று கேட்டார். "தலையிடல சார், தூண்டில்தான் போட்டேன்." அடுத்த வாரம் திருவாரூருக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. அழுதது ரெக்கார்டு ரூமில் மற்றவர்கள்தான். "திருவாரூர்ப் பக்கம் குளத்துக்கா பஞ்சம்?" என்று மேடம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு அதே ஏரிக்கரையில் இருப்பார். பக்கத்தில் நானும் ஒரு தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு இதுவரை ஒரு கெளுத்திகூட மாட்டியதில்லை. நான் மீனுக்காக வருகிறேன் என்று மேடமும் நினைப்பதாகத் தெரியவில்லை. சற்று நகர்ந்து இடம் மட்டும் விடுகிறார்.