டிசம்பர் வரை யாரும் எழக்கூடாது

"காலியாத்தான் இருக்கு சார். இதோ, நானே இறங்கிப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனை வைத்த லோரென்ஸ் கோல்லர், பழைய பீர் ஆலையின் முற்றத்துப் படிக்கட்டில் இறங்கிக் குகைப் பாதையின் இடது கைப்பக்கக் கதவைத் திறந்தபோது, உள்ளே ஒன்பது பேர் முள்ளங்கி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நீளமான ஓக் மேசை. அதன்மேல் பீர்க் கோப்பைகள், வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த ஈரல் சாசேஜ், ரொட்டி. ஒன்பது பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். லோரென்ஸைப் பார்த்து எல்லோரும் மரியாதையாகத் தலையசைத்தார்கள்.

லோரென்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. மூன்று மணிக்குக் கட்டட அலுவலகத்திலிருந்து திருமதி ஸ்ட்ரெல் வருகிறார். ஆலை நாற்பத்தெட்டு வீடுகளாக மாறப்போகிறது. அடியில், அந்தக் காலத்தில் பீரைக் குளிர்ச்சியாக வைக்கப் பாறையில் குடைந்த குகையில் சைக்கிள் நிறுத்தமும் வெந்நீர் இயந்திரங்களும் வரப்போகின்றன. அதற்கு ஒரே நிபந்தனைதான். குகையை யாரும் பயன்படுத்தவில்லை என்பதை அந்த அம்மாள் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். யாராவது பயன்படுத்தினால் பழக்க உரிமை, விசாரணை, ஆட்சேபம் என்று இரண்டு வருடம் போய்விடும்.

லோரென்ஸிடம் இரண்டு வருடம் இல்லை. அவர் பொறுப்பேற்ற முதல் கட்டடத்தில் அரியவகைத் தவளைகள் கிளம்பின. இரண்டாவதில் கற்கால எலும்புக்கூடு கிளம்பியது. "மூணாவதுலயும் ஏதாவது கிளம்பிச்சுன்னா, நீங்களும் கூடவே கிளம்பிடுங்க" என்று முதலாளி ஸீக்லர் சொல்லியிருந்தார். அவர் விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை.

ஒருவேளை தப்பான அறையோ என்ற ஆசையில் லோரென்ஸ் வரைபடத்தை விரித்தார். இரண்டே குகைகள். இடது கைப்பக்கம் ஆலையுடையது, வலது கைப்பக்கம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாவுடையது, நடுவே ஓர் இரும்புக் கதவு. அவர் நிற்பது இடது கைப்பக்கம். ஆசை போயிற்று.

"மன்னிக்கணும், நீங்க எல்லாரும் உடனே வெளிய போகணும்."

"போறோம் தம்பி, போகாம என்ன?" என்றார் மேசைத் தலைமாட்டில் இருந்த பாங்க்ராட்ஸ், ஓய்வுபெற்ற தபால்காரர். "டிசம்பர் முடிஞ்சதும் போயிடுவோம்."

"டிசம்பரா! இப்ப ஜனவரிங்க!"

"எங்களுக்கு மார்ச்சு" என்று கோப்பையை உயர்த்திக் காட்டினார் பாங்க்ராட்ஸ்.

லோரென்ஸுக்கு அப்போதுதான் தேதி உறைத்தது. மறுநாள் ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். ஜெர்மனியில் எங்கள் பிராங்கன் பக்கத்தில் அதற்கு முன்தினம் பலம் குடிப்பது வழக்கம். புதுவருடத்தின் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கோப்பை, கெட்டியான பாக் பீர். குடிக்காமல் விட்ட மாதத்தில் ஆள் தொய்ந்து போவான் என்பதில் எங்கள் ஊரில் டாக்டர்களுக்கே சந்தேகம் கிடையாது. பாதியில் எழுந்து போனவர்கள் ஆகஸ்டில் இடுப்பு ஒடிந்த கதைகளைக் கேட்டுத்தான் லோரென்ஸும் வளர்ந்தார். கட்டடப் பொறியாளர் ஆன பிறகும் அந்தப் பயம் அவருக்குப் போகவில்லை.

"சரி, இங்க உக்கார உங்களுக்கு அனுமதி யார் குடுத்தது?"

"வீட்டுக்கார அம்மா வாயாலயே சொன்னாங்க" என்றார் அந்த மேசைக் கூட்டத்தின் செயலாளர் ரோஸ்விதா. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்த அம்மாள். மேசைக்குத் தனியாக வருகைப் பதிவேடு வைத்திருந்தார். "வியாழக்கிழமை தவறாம முப்பத்தோரு வருஷமா உக்காந்திருக்கோம். பாக்கறீங்களா?"

"வேணாம், மூடுங்க" என்று அலறினார் லோரென்ஸ். முப்பத்தோரு வருட ஆதாரம், அதுவும் தேதியோடு.

விரட்ட முடியாது. சீக்கிரம் முடிக்க வைக்கலாம் என்று தோன்றியது. ஒரே ஓட்டமாக ஓடிக் கடைவீதியில் இரண்டு பெட்டி பாக் பீர் வாங்கினார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, சந்தைத் தெரு வழியாகவே திரும்பி வந்தார். அது தப்பு.

"எங்கப்பா கோல்லர், இவ்வளவு பீரு?" என்று ஒரு கடை வாசலிலிருந்து குரல் வந்தது.

"குகையில குடிக்கிறாங்க. கொஞ்சம் அவசரம்" என்று பதட்டத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார்.

அவர் படியிறங்கியபோது பின்னால் பதினான்கு பேர் இறங்கினார்கள். கசாப்புக் கடைக்காரர் ஏப்ரனோடு வந்திருந்தார். இடம் போதாமல் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள்.

"எல்லாரும் சீக்கிரம் குடிங்க! இப்ப எந்த மாசம்?" என்றார் லோரென்ஸ் மணியைப் பார்த்தபடி.

"நாங்க மே" என்றார் பாங்க்ராட்ஸ்.

"நாங்க இப்பத்தானே வந்தோம்" என்றார் கசாப்புக் கடைக்காரர், முதல் கோப்பையின் நுரையை ஊதிக்கொண்டு. "ஜனவரி."

மணி ஒன்று நாற்பது. இருட்டாக்கினால் போய்விடுவார்கள் என்று நினைத்து, மேலே ஓடி மொத்தத் தளத்துக்குமான மின்சாரத்தை அணைத்தார். கீழே மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டார்கள். நல்ல வெளிச்சமாகவே இருந்தது. மேலேதான் கட்டுமானத் தளத்தின் அபாயமணி தானாக அலற ஆரம்பித்தது.

அது தீயணைப்பு நிலையத்தோடு இணைந்த மணி. எங்கள் ஊர்த் தீயணைப்புப் படை எல்லோரும் தன்னார்வலர்கள். மற்ற எதற்கு வேண்டுமானாலும் தாமதமாவார்கள், மணிக்குத் தாமதமானதில்லை. ஏழாவது நிமிடம் தலைக்கவசத்தோடு ஆறு பேர் குகைக்குள் குழாயை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"தீ எங்க?" என்றார் தலைவர்.

"தீ இல்ல, பீர் இருக்கு" என்றார் பாங்க்ராட்ஸ்.

"ஐயா, நீங்க பணியில இருக்கீங்க!" என்று கெஞ்சினார் லோரென்ஸ்.

"மணியை அணைச்சாச்சு, பணி முடிஞ்சுது" என்று தலைவர் கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்த வருஷம் இன்னும் எங்களுக்குப் பலம் குடிக்க வேளையே வரல கோல்லர். தீயணைக்கிறவனுக்குப் பலம் இல்லன்னா ஊரு என்னாகும், சொல்லுங்க?"

வண்டி ஓட்டுகிறவர் மட்டும் ஆப்பிள் ஜூஸ் குடித்தார். அவருடைய வருடத்தை நினைத்து எல்லோரும் பரிதாபப்பட்டார்கள்.

இருபத்தொன்பது பேர். போன் அடித்தது.

"லோரென்ஸ், ஸீக்லர் பேசறேன். ஏதோ பாட்டுச் சத்தம் கேக்குதே?"

"ரேடியோ சார்."

"தவளை இல்லியே?"

"தவளை இல்ல சார்" என்றார் லோரென்ஸ். அன்று அவர் முதலாளியிடம் சொன்ன ஒரே முழு உண்மை அது. போனை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். நாற்பத்தாறு வயதில் வேலை தேடி யார் வாசலில் போய் நிற்பது என்று நினைத்தபோது உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் நடுவிலிருந்த இரும்புக் கதவு கண்ணில் பட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் குகை. டாக்டரம்மா ஆஸ்திரியாவில் பனிச்சறுக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். மணி இரண்டு பத்து.

தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் விசாலமாக, உலர்ந்து, வெறுமையாகக் கிடந்தது. லோரென்ஸ் முகத்தில் அன்றைய முதல் சிரிப்பு வந்தது.

"நண்பர்களே, இங்க ஈரம். அந்தப் பக்கம் எவ்ளோ நல்லா இருக்கு பாருங்க. அங்க போய் உக்காருங்களேன்!"

மேசையின் பழைய ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அங்கயா?" என்றார் பாங்க்ராட்ஸ். "நெசமாத்தான் சொல்றீங்களா தம்பி?"

"நெசமாத்தான்."

"சும்மா வாய்வார்த்தையில மேசை நகராது" என்றார் ரோஸ்விதா. "நாளைக்கு யாராவது வந்து எழுந்திருன்னா? எழுத்துல வேணும்."

"எழுதிக் குடுக்கறேன்!"

"நீங்களா எழுத வேணாம், நான் சொல்றதை எழுதுங்க" என்று ரோஸ்விதா கண்ணாடியை மாட்டினார். கம்பெனித் தாளில் லோரென்ஸ் முழங்காலில் வைத்து எழுத, அந்த அம்மாள் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார். இந்த மேசையும் இதில் அமர்வோரும் இரும்புக் கதவுக்கு அப்பாலுள்ள குகையில், மேசை நிற்கும் காலம்வரை, வியாழன்தோறும், வாடகையின்றியும் தடையின்றியும் அமரலாம். கட்டடம் கைமாறினாலும் இது செல்லும்.

"வாரிசுகளும்" என்று சேர்த்தார் ரோஸ்விதா.

"வாரிசுகளும்" என்று எழுதினார் லோரென்ஸ் தாராளமாக. அடுத்தவர் குகையை எழுதிக்கொடுப்பதில் அவருக்கு எந்தத் தயக்கமும் இல்லை. டாக்டரம்மா திரும்பி வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தால் அது டாக்டரம்மாவின் பாடு. கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரையை ஓங்கிக் குத்தினார். தீயணைப்புத் தலைவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

பாங்க்ராட்ஸ் மூக்கை உறிஞ்சினார். "ஆலைக்காரங்களை என்னென்னமோ பேசியிருக்கோம் தம்பி. இவ்ளோ பெரிய மனசுன்னு தெரியாமப் போச்சு."

லோரென்ஸுக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. ஆனாலும் மேசையின் ஒரு காலை அவரும் பிடித்துத் தூக்கினார். மேசை, பெஞ்சுகள், பெட்டிகள், தீயணைப்புக் குழாய் எல்லாம் அந்தப் பக்கம் போயின. கதவைச் சாத்தினார். மின்சாரத்தைப் போட்டார். தரையைக் கூட்டினார். ஒரு துண்டு முள்ளங்கி கிடந்தது. எங்கே போடுவது என்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டார்.

சரியாக மூன்று மணிக்குக் குகைப் பாதையின் எதிர்முனையில், மலைச்சரிவைப் பார்த்த மலைவாசல் திறந்தது. பனிச் சேற்றுப் பூட்ஸோடு, கையில் அதே வரைபடத்தோடு திருமதி ஸ்ட்ரெல் வந்தார். ஒல்லியான, சிரிக்காத அம்மாள். லோரென்ஸ் ஓடிப்போய் அவரைத் தன் அறைக்கு அழைத்துவந்தார்.

"வாங்க, வாங்க. பாருங்க, ஒரு ஈ காக்கா கிடையாது."

திருமதி ஸ்ட்ரெல் சுவரைத் தட்டினார். மூலைகளில் டார்ச் அடித்தார். மூக்கைச் சுருக்கினார். "பீர் வாசனை அடிக்குதே?"

"நூத்தைம்பது வருஷ ஆலைங்க. கல்லுக்குள்ளயே ஊறிக் கெடக்கு."

இரும்புக் கதவுக்குப் பின்னால் இருபத்தொன்பது குரல்கள் ஜூலை மாதத்தை வாழ்த்திப் பாடத் தொடங்கின. தீயணைப்புப் படை அடித்தொண்டையில் பாடியது.

"அது என்ன சத்தம்?"

லோரென்ஸ் இந்தக் கேள்விக்குத் தயாராக இருந்தார். "அது அடுத்த குகைங்க, நமக்குச் சம்பந்தமில்ல. அங்க முப்பத்தோரு வருஷமா ஒரு மேசை நடக்குது. வியாழன் தவறாது. வருகைப் பதிவேடே வச்சிருக்காங்கன்னா பாத்துக்குங்க!"

"அப்படியா?" திருமதி ஸ்ட்ரெல் குறிப்பேட்டை எடுத்தார். "வெறும் பழக்கமா, இல்ல எழுத்துல உரிமை இருக்கா?"

"எழுத்துல இருக்குங்க. முத்திரை, சாட்சி எல்லாத்தோடயும். கட்டடம் கைமாறினாலும் செல்லும். வாரிசுங்களுக்கும் உண்டு. அவங்களை யாராலயும் அசைக்க முடியாது. நானே என் கண்ணால பாத்தேன்."

"நீங்களே பாத்தீங்க" என்று எழுதிக்கொண்டார் அந்த அம்மாள். "இதுக்குக் கீழ ஒரு கையெழுத்துப் போட முடியுமா?"

"தாராளமா!" லோரென்ஸ் போட்டார். மூன்றாவது கட்டடம் தப்பித்தது என்ற நினைப்பில் கையெழுத்துக்கு அடியில் ஒரு கோடுகூட இழுத்தார். வீட்டுக்குப் போகிற வழியில் மனைவிக்குக் கேக் வாங்க வேண்டும் என்று தோன்றியது.

திருமதி ஸ்ட்ரெல் மை காய்வதற்காகக் காத்திருந்து, குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு வரைபடத்தை விரித்து, தான் வந்த மலைவாசலையும் இரும்புக் கதவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரி கோல்லர், வரைபடம் மலைவாசல்லேர்ந்து போட்டது; அதுல வலது கைப்பக்கம் இருக்கிற டாக்டரம்மாவோட குகையைக் காட்டிட்டீங்க, இனிமே அந்தக் கதவைத் தொறந்து உங்களோடதைக் காட்டுங்க."