மெமரியானந்தரின் பதினாறு ஜிபி

மூடிக் கிடந்த மேஜை நாற்காலிக் கடைக்குத் திடீரென்று யோகம் அடித்தது. வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. சிலர் போர்வையில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தார்கள். ஒருவர் குழந்தையின் தள்ளுவண்டியில் பெட்டியை உட்கார வைத்துவிட்டு, குழந்தையை நடக்க விட்டிருந்தார். பக்தி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

உள்ளே வீற்றிருந்தவர் மெமரியானந்தர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துவிட்டதாம். மெமரி விற்பவருக்கு இதெல்லாம் ஒரு குறையா? பழைய பெட்டியின் மேல் அவர் கை வைத்தால் போதும், இரண்டு ஜிபி பதினாறு ஜிபி ஆகிவிடும் என்று ஊரெல்லாம் பேச்சு. காணிக்கை அவரவர் விருப்பம். விருப்பம் எதற்குக் கீழே போகக் கூடாது என்பதை மட்டும் வாசலில் எழுதி வைத்திருந்தார்கள்.

"இந்த மதர்போர்டு நாலு ஜிபிக்கு மேல ஏத்துக்காதுன்னு கம்பெனிக்காரன் சொல்லுவான். எல்லை போட்டவன் மனுஷன். எனக்கு ஏது எல்லை?" என்று மைக்கில் அருளினார். கூட்டம் உருகியது.

"பெட்டிக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடலாமா, பழசையே வச்சுக்கலாமா சாமி?" என்று ஒருவர் கேட்டார்.

"சிஸ்டம் எதுவா இருந்தா என்னப்பா? உள்ள இருக்கற சக்திதான் வேலை செய்யும்."

அருள் வாங்கியவர்களுக்குக் கட்டளைகளும் உண்டு. பெட்டியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சக்தி கசிந்துவிடும். திரையில் ஒரு ஜன்னலுக்கு மேல் வைக்கக் கூடாது. ஸ்விட்சைப் போட்டதும் முகப்புப் படம் வரும்வரை கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கண்ணை மூடச் சொன்னால் நம் ஆட்கள் காரணம் கேட்க மாட்டார்கள். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

வரிசையின் நடுவே ஓர் அக்காவும் தங்கையும். அக்கா வீட்டிலிருந்தபடியே பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பழைய பெட்டியால்தான். படம் நிறைந்த பக்கத்தைத் திறந்தால் அது அப்படியே உறைந்துவிடும். முடித்து வைத்திருந்த இரண்டு பாடங்கள் அப்படித்தான் போயின. வெள்ளிக்கிழமைக்குள் அறிவியல் புத்தகம் வராவிட்டால் இனி வேலை வேறு ஆளுக்கு என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார். பயம் பிடித்தவளுக்கு யார் காலும் கால்தான்.

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடக் கூடாதே என்று, அடையாளம் போடாமல் எதையும் கைமாற்ற மாட்டாள். வீட்டில் டிபன் டப்பாகூடத் தப்பாது. அன்று காலை அக்கா குளிக்கப் போன நேரத்தில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே சீப்பு நீளத்துக்கு இரண்டு மெமரி அட்டைகள், ஒவ்வொன்றும் ஒரு ஜிபி. இரண்டின் ஓரத்திலும் தன் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்து மூடிவிட்டாள்.

"மாடி வீட்டுக்காரர் பெட்டி இப்போ பறக்குதாம்டி," என்றாள் அக்கா.

"முன்னாடி எத்தனை ஜன்னல் திறந்து வச்சிருப்பார்?"

"இருபது இருக்கும்."

"இப்போ?"

"ஒண்ணுதான். சாமிதான் சொல்லியிருக்காரே."

"இருபது பேர் ஏறின ஆட்டோவில பத்தொன்பது பேரை இறக்கி விட்டா, அதுவும்தான் பறக்கும்."

அக்கா முறைத்தாள். அதற்குள் முறை வந்தது. நீலத் திரைச்சீலைக்குப் பின்னால் பெட்டி போனது. ஏதோ முணுமுணுப்பு, கொஞ்சம் புகை. வெளியே கொண்டுவந்து மானிட்டரை மாட்டி, எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, பிறகு திறக்கச் சொன்னார்கள். திரையில் பெரிதாகப் பதினாறு ஜிபி. அக்காவின் கண் கலங்கிவிட்டது.

அடுத்து, கடையில் பாட்டுப் போடுவதற்காகப் பெட்டி வைத்திருந்த சலூன்காரர். அவர் பெட்டி நிஜமாகவே துள்ளிக் குதித்தது. "உயிர் வந்துடுச்சு," என்று கூவினார். கூட்டத்துக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

தங்கை ஒரு நாணயத்தை எடுத்து அக்கா பெட்டியின் திருகைத் திருகினாள்.

"திறக்காதம்மா, சக்தி போயிடும்," என்று பத்துக் குரல்கள்.

"போனா திரும்ப வாங்கிக்கலாம். சாமி இங்கதானே இருக்கார்?"

உள்ளே ஒரே ஓர் அட்டை. பக்கத்து இடம் காலி.

"இன்னொண்ணு எங்கடி?" என்றாள் அக்கா. அவள் குரல் மாறிவிட்டது.

தங்கை சலூன்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க பெட்டியையும் ஒரு தடவை திறக்கட்டுமா?"

சலூன்காரர் தயங்கித் தயங்கித் தலையாட்டினார். இதுவரை ஒற்றை அட்டையோடு ஓடிய பெட்டியில் இப்போது இரண்டு. புதிதாக வந்ததன் ஓரத்தில் சிவப்புப் பொட்டு.

மெமரியானந்தர் எழுந்து வந்தார். "அது நான் காத்துலேர்ந்து வரவழைச்சது."

தங்கை தன் கட்டைவிரல் நகத்தைப் பொட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அதே சிவப்பு. "காத்துக்கு எங்க வீட்டு நெயில் பாலிஷைப் போட்டு விட்டது யாரு சாமி?"

பிறகு தங்கை அக்காவின் பெட்டிக்கு ஸ்விட்சைப் போட்டாள். "இந்தத் தடவை யாரும் கண்ணை மூடாதீங்க." முதலில் வந்தது கறுப்புத் திரை. அதில் சின்ன எழுத்தில் ஒரு ஜிபி. கொஞ்ச நேரம் கழித்து முகப்புப் படத்தில் பதினாறு. "கறுப்புத் திரையில வர்றது பெட்டி தானே எண்ணிச் சொல்ற கணக்கு. பதினாறு இவர் ஒட்டின படம்."

பத்துப் பேரிடம் எடுத்ததில் ஒன்று மட்டும் ஒருவருக்குப் போனது. அந்த ஒருவர் போட்ட சத்தத்தில் பத்துப் பேரும் தங்களுக்கும் கிடைத்ததாக நம்பினார்கள். மற்றதெல்லாம் விற்பனைக்கு. திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு வாளி நிறைய அட்டைகள் கிடந்தன. மெமரியானந்தர் பின்வாசலுக்கு ஓடினார். அங்கே அருளுக்குக் காத்திருந்த பெட்டிகளை அடுக்கி அவரே வழியை அடைத்து வைத்திருந்தார். காற்றிலிருந்து அட்டை வரவழைத்தவருக்குக் கதவைத் திறக்கும் வித்தை கைவரவில்லை. நன்றி சொல்ல வந்திருந்த மாடி வீட்டுக்காரரே அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்.

சலூன்காரர் அட்டையைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார். "இந்தாம்மா. என் பாட்டு மெதுவாவே பாடட்டும்."

அக்கா அழுதேவிட்டாள். "வெள்ளிக்கிழமைக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

"இந்த போர்டுல நாலு ஜிபிதான் ஏறும். அது சாபம் இல்லக்கா, அளவு. ரெண்டு ரெண்டு ஜிபியா ரெண்டு அட்டை போட்டு நிரப்புவோம். புது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட கனத்தை இது தாங்காது. லினக்ஸ்ல எடை குறைஞ்சதா ஒண்ணு போடலாம். முதல்ல ஒரே ஒரு பாடம் அதுல ஒழுங்கா திறக்குதான்னு பார்ப்போம். திறந்தா மாத்துவோம், இல்லன்னா வேற யோசிப்போம்."

பாடம் திறந்தது. பெட்டி பறக்கவில்லை, நடந்தது. வெள்ளிக்கிழமை புத்தகம் போய்ச் சேர்ந்தது.

இதோடு ஊருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தால் நீங்களும் அந்த வரிசையில் நின்றவர்தான். மறுநாள் கடைகளில் சிவப்பு நெயில் பாலிஷ் தீர்ந்துபோனது. வீட்டுக்கு வீடு பெட்டியின் நெற்றியில் சிவப்புப் பொட்டு. ஒருவர் தங்கையிடமே வந்து, "எந்தக் கம்பெனி பாலிஷ்மா? சக்தி ஜாஸ்தியா இருக்கே," என்று விசாரித்தார்.

ஐயா, பொட்டு வைத்தது போதும், திறந்து பாருங்கள். பெட்டியை மட்டும் சொல்லவில்லை. கழுத்துக்கு மேலும் ஒன்று வைத்திருக்கிறீர்கள். அதைத் திறக்கக் கூடாது என்று எந்தக் கம்பெனியும் சொல்லவில்லை.